கெர்னல் தலைப்புக் கோப்பு மாற்றமும் பொதி முறிவும்: முத்துக்குளித்துறை வழியே ஒரு மதிப்பீடு

ஓர் இயங்குதளத்தின் கெர்னல் புதிய பதிப்புக்கு மாறும்போது, நேற்றுவரை ஒழுங்காகக் கட்டமைந்த சில பொதிகள் இன்று கட்டமைய மறுக்கின்றன. அந்தப் பொதிகளின் மூலநிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. மாறியது அவை நம்பியிருந்த தலைப்புக் கோப்பு மட்டுமே. இவ்வகைத் தடையைப் பொதி முறிவு அல்லது பில்டு முறிவு என்பர். லினக்ஸ் உலகில் இது அடிக்கடி நிகழ்வது. ஆனால் அதைக் கையாளும் முறையில் நிலையான ஒழுக்கம் இன்னும் உருவாகவில்லை என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. முறிவைச் சரிசெய்யும் தொழில்நுட்பத்தைவிட, முறிவு யாருடைய பொறுப்பு என்ற கேள்வியே இதில் பெரியது.

முத்துக்குளித்துறையின் முன்பார்வை

தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட மன்னார் வளைகுடாக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். இங்கே கடலடியில் முத்துச் சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்று அழைத்தனர். தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழில் அல்ல. சிப்பி வளர்ந்திருக்கிறதா, அதில் முத்து முதிர்ந்திருக்கிறதா என்பதை முதலில் அறிய வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் பார்களைப் பார்வையிட்டு, மாதிரியாகச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்பட்டது. மதராஸ் அரசின் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தப் பார்களை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளே கடைசியானவை.

இந்த முன்பார்வை எதற்காக? அறிவிப்பு வெளியானதும் குளியாளிகள், தோணிக்காரர்கள், வணிகர்கள் எனப் பெருங்கூட்டம் கரையில் கூடிவிடும். வந்த பிறகு சிப்பி வெறுமையாக இருந்தால் நட்டம் அவர்களுடையது. எனவே சோதிக்கும் கடமை அறிவிப்பவரிடம் இருந்தது. வந்து சேர்பவரிடம் இல்லை. கெர்னல் தலைப்புக் கோப்பு மாற்றங்களை எடைபோட இந்த அளவுகோல் பொருத்தமானது.

இரண்டு வகைத் தலைப்புக் கோப்புகள்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்க வேண்டும். கெர்னல் தலைப்புக் கோப்புகள் இரண்டு வகை. ஒன்று, பயனர் நிரல்கள் கெர்னலோடு பேசுவதற்கான இடைமுகக் கோப்புகள். சி நிரலகமும் சாதாரண நிரல்களும் இவற்றைப் பயன்படுத்துகின்றன. மற்றொன்று, கெர்னலுக்குள் ஏற்றப்படும் கூறுகளைக் கட்டமைக்கத் தேவையான உள்கோப்புகள். வைஃபை இயக்கி போன்ற, கெர்னலுக்கு வெளியே பராமரிக்கப்படும் கூறுகள் இவற்றை நம்பியிருக்கின்றன.

டெபியனில் முதல் வகை ‘லினக்ஸ்-லிப்சி-டெவ்’ என்ற பொதியிலும், இரண்டாம் வகை ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்’ என்று தொடங்கும் பொதிகளிலும் வருகின்றன. ஜென்டூவிலோ ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்’ என்பது முதல் வகையைக் குறிக்கும். ஒரே பெயர் இரு வழங்கல்களில் இரு பொருள் தருவதால், ஒரு வழங்கலுக்கு எழுதப்பட்ட தீர்வை இன்னொன்றில் முயன்று மாணவர்கள் ஏமாறுகிறார்கள். முறிவு எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியாமல் தேடும் தீர்வு பெரும்பாலும் வேறொருவரின் தீர்வாகவே இருக்கும்.

முதல் வகைக் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை படிப்படியாக நடந்தது. 2006இல் வந்த 2.6.18 பதிப்பில், பயனர் நிரல்களுக்கு உரிய பகுதியை மட்டும் வடித்தெடுத்து நிறுவும் வசதி கெர்னலிலேயே சேர்ந்தது. 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில் இக்கோப்புகள் தனி அடைவுக்குப் பிரிக்கப்பட்டன. எது வெளியாருக்கான வாக்குறுதி, எது வீட்டுக்குள்ளான ஏற்பாடு என்ற எல்லை அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்படி ஆனது.

வாக்குறுதியில் உள்ள இடைவெளி

பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸ் கெர்னலின் புகழ்பெற்ற விதி. ஆனால் நடைமுறையில் அது ஏற்கெனவே கட்டமைத்து முடித்த நிரல் தொடர்ந்து ஓட வேண்டும் என்ற பொருளிலேயே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதே நிரலின் மூலத்தை நாளை மீண்டும் கட்டமைக்க முடியுமா என்பது அந்த விதியின் ஓரத்தில் நிற்கும் கேள்வி. பத்தாண்டுக்கு முன் கட்டமைத்த நிரல் ஓடும். அதன் மூலம் கட்டமையாது என்ற விசித்திர நிலை இதனால் உண்டாகிறது.

கட்டற்ற மென்பொருளுக்கு இது சிறு குறையல்ல. மூலத்தைப் படிக்கவும் திருத்தவும் திருத்தியதைக் கட்டமைத்து ஓட்டவும் முடிவதே அதன் உயிர். கட்டமைக்க முடியாத மூலம் படிப்பதற்கு மட்டுமே உதவும்.

நான்கு நிகழ்வுகள்

*2011, வீடியோடெவ்.* வீடியோ சாதனங்களுக்கான பழைய இடைமுகம் 2011 மார்ச்சில் வந்த 2.6.38 பதிப்பில் நீக்கப்பட்டது. அதோடு ‘வீடியோடெவ்.ஹெச்’ என்ற தலைப்புக் கோப்பும் மறைந்தது. கேமராவையும் தொலைக்காட்சி அட்டையையும் பயன்படுத்திய பல நிரல்கள் கட்டமைய மறுத்தன. இந்த நீக்கம் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. மாற்று இடைமுகமும் நெடுங்காலமாகக் கிடைத்தது. வீடியோ நிரலகத்தைப் பராமரித்தோர் பழைய தலைப்புக் கோப்பின் பிரதியைத் தம் நிரலகத்தோடு சேர்த்து வழங்கி, பழைய நிரல்களுக்கு ஒரு பாலம் அமைத்தனர். முன்னறிவிப்பும் பாலமும் இருந்ததால் இதை ஓரளவு நல்ல கையாளல் என்றே சொல்லலாம்.

*2019, நேர முத்திரை.* 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதைச் சமாளிக்கும் பணியின் பகுதியாக, வலையமைப்புப் பொட்டலம் வந்த நேரத்தைக் கேட்கும் மாறிலிகள் 5.2 பதிப்பில் ஒரு தலைப்புக் கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தன. முன்பு சாக்கெட்டுக்கான பொதுக் கோப்பைச் சேர்த்தாலே அவை தாமாக வந்துவிடும். புதிய ஏற்பாட்டில் ‘சாக்ஐயோஸ்.ஹெச்’ என்ற கோப்பைத் தனியே சேர்க்க வேண்டியதாயிற்று. கியூஇஎம்யூ உள்ளிட்ட நிரல்கள் முறிந்தன. மாற்றத்தின் காரணம் நியாயமானது. திருத்தமும் சில நிரல்களுக்கு ஒரே வரிதான். ஆனால் அந்த ஒரு வரியை ஒவ்வொரு நிரலிலும் யாரோ ஒருவர் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

*2021, சிக்ளேட்ஸ்.* யாரும் பராமரிக்காத பழைய தொடர்முனை அட்டையின் இயக்கி 5.13 பதிப்பில் நீக்கப்பட்டபோது அதன் தலைப்புக் கோப்பும் போயிற்று. அந்த அட்டையைப் பயன்படுத்துவோர் அரிது. ஆனால் ஜிசிசி கம்பைலருடன் வரும் பிழைகாணும் நிரலகம் அந்தக் கோப்பைச் சேர்த்திருந்தது. விளைவாகப் பழைய கம்பைலர் பதிப்புகளையே கட்டமைக்க முடியாமல் போனது. 2022 தொடக்கத்தில் கெர்னல் தரப்பு அந்த நீக்கத்தை ஓரளவு திரும்பப் பெற்று, தலைப்புக் கோப்பை ஓர் எச்சரிக்கை வாசகத்துடன் மீண்டும் வைத்தது. தலைப்புக் கோப்பு மறைவதால் கட்டமைப்பு முறிவதும் பயனர் இடைமுகப் பின்னடைவே என்று ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது. அவ்வகையில் இதன் முக்கியத்துவம் அந்த அட்டையின் முக்கியத்துவத்தைவிடப் பன்மடங்கு பெரிது.

*2022, மவுண்ட்.* இம்முறை நகர்ந்தது கெர்னல் அல்ல. 2022 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.36, கோப்பு முறைமைகளை இணைக்கும் புதிய அழைப்புகளைத் தன் ‘மவுண்ட்.ஹெச்’ கோப்பில் சேர்த்தது. கெர்னலின் ‘மவுண்ட்.ஹெச்’ கோப்பிலும் அதே பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. இரண்டையும் சேர்த்த நிரல்களில் ஒரே பெயர் இருமுறை வரையறுக்கப்பட்டதாகப் பிழை எழுந்தது. கெர்னலின் இன்னொரு கோப்பு இதைத் தனக்குள் சேர்த்திருந்ததால், மவுண்ட் கோப்பை நேரடியாகத் தொடாத நிரல்களும் சிக்கின. இதே வகை மோதல் ஐபி பதிப்பு 6 முகவரிகள் தொடர்பாக முன்பே எழுந்து, 2013இல் இரு தரப்பும் ஒத்துப்போக ஒரு தனிக் கோப்பு உருவாக்கப்பட்டிருந்தது. அந்த அனுபவம் இருந்தும் மோதல் திரும்பியது கவனிக்கத்தக்கது.

இந்த நான்கிலும் பொதுவான ஒன்று உண்டு. மாற்றியவர் செய்த மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. அதன் விலையைக் கொடுத்தவர் வேறொருவர்.

கெர்னலுக்கு வெளியே உள்ள கூறுகள்

இரண்டாம் வகைத் தலைப்புக் கோப்புகளில் நிலைமை வெளிப்படையானது. கெர்னலின் உள் இடைமுகங்களுக்கு நிலைத்தன்மை தரப்படமாட்டாது என்பது அறிவிக்கப்பட்ட கொள்கை. கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் ஒன்று கெர்னலுடனேயே வழங்கப்பட்டு அதன் காரணங்களை விளக்குகிறது. 2017இல் வந்த 4.11 பதிப்பில் செயல்திட்டமிடலுக்கான பெரிய தலைப்புக் கோப்பு பல சிறு கோப்புகளாகப் பிரிந்தது. 2020இல் வந்த 5.6 பதிப்பில் ‘ப்ராக்’ கோப்பு முறைமைக்கான அமைப்பு வகை மாறியது. இரு முறையும் வெளிக் கூறுகள் பல முறிந்தன.

டெல் நிறுவனத்தில் உருவான டிகேஎம்எஸ் என்ற கருவி, புதிய கெர்னல் நிறுவப்படும்போது இத்தகைய கூறுகளைப் பயனரின் கணினியிலேயே தானாக மறுகட்டமைக்கிறது. வசதியானதுதான். ஆனால் இதனால் முறிவு பராமரிப்பாளரின் கணினியிலிருந்து பயனரின் கணினிக்கு இடம்பெயர்கிறது. விடுதி அறையில் மடிக்கணினியைப் புதுப்பித்துவிட்டு உறங்கச் செல்லும் மாணவிக்குக் காலையில் வைஃபை இல்லை. தீர்வைத் தேட இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்த இயக்கி வேண்டும். பழைய கெர்னலைத் தேர்ந்து துவக்கலாம் என்பது தெரிந்திருந்தால் அவர் தப்புவார். முத்துக்குளித்துறை முறையோடு ஒப்பிட்டால், பாரைச் சோதிக்கும் வேலை இங்கே கரைக்கு வந்து சேர்ந்தவர் தலையில் விழுகிறது.

கெர்னல் தரப்பின் வாதமும் பொருளற்றதல்ல. உள் இடைமுகங்களை உறையவைத்தால் பிழைகளையும் பாதுகாப்புக் குறைகளையும் களைய முடியாது. கூறுகளைக் கெர்னலுக்குள்ளேயே கொண்டுவந்தால், மாற்றம் செய்பவரே அவற்றையும் சேர்த்துத் திருத்திவிடுவார். இது சரியான அழைப்பு. ஆனால் மலிவான சாதனத்தை வாங்கிய பயனருக்கு, அதன் தயாரிப்பாளர் அந்த அழைப்பை ஏற்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதையும் மறுக்க முடியாது.

கையாளும் முறைகள்: ஒரு மதிப்பீடு

முறிவைச் சந்திக்கும் பராமரிப்பாளர்கள் பொதுவாக நான்கு வழிகளில் ஒன்றை நாடுகிறார்கள்.

முதலாவது, பழைய தலைப்புக் கோப்புப் பொதியைப் பூட்டிவைத்தல். இது நேரம் வாங்கித் தரும், தீர்வாகாது. பூட்டு நீடிக்க நீடிக்க, சேரும் மாற்றங்கள் மொத்தமாக ஒருநாள் வந்து விழும்.

இரண்டாவது, தேவையான தலைப்புக் கோப்பின் பிரதியை நிரலுக்குள்ளேயே வைத்தல். கியூஇஎம்யூ, ஐபிரூட்2 ஆகியவை இப்படிச் செய்கின்றன. பிரதியை அவ்வப்போது புதுப்பிக்கவும் செய்கின்றன. அங்கே இது நல்ல முறை. புதுப்பிக்க ஆளில்லாத சிறு நிரல்களில் அந்தப் பிரதி பழசாகி, கெர்னலின் உண்மைக்கும் நிரலின் நம்பிக்கைக்கும் இடையே இடைவெளியை வளர்க்கும்.

மூன்றாவது, கெர்னல் பதிப்பு எண்ணைச் சோதித்து நிரலைக் கிளைபிரித்தல். இதுவே அதிகம் காணப்படுவதும் அதிகம் ஏமாற்றுவதும். பயனர் நிரலில் கிடைக்கும் பதிப்பு எண் தலைப்புக் கோப்பினுடையது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலினுடையது அல்ல. மேலும் ரெட் ஹேட் போன்ற நிறுவன வழங்கல்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே புதிய மாற்றங்களைப் பின்கொணர்கின்றன. எண்ணை நம்பிய கிளை அங்கே தவறான பக்கம் திரும்பும்.

நான்காவது, தேவையானது இருக்கிறதா என்று நேரடியாகச் சோதித்தல். குறிப்பிட்ட தலைப்புக் கோப்பு கிடைக்கிறதா என்று கம்பைலரிடமே கேட்கும் வசதி 2015இல் வந்த ஜிசிசி 5இலிருந்து உள்ளது. பின்னர் சி23 தரநிலையிலும் இடம்பெற்றது. எண்ணை ஊகிப்பதைவிடப் பொருளைச் சோதிப்பது நேர்மையானது. நான்கில் இதுவே பரிந்துரைக்கத்தக்கது.

ஆயினும் சோதனைக்கும் ஓர் ஆபத்து உண்டு. 2019 நிகழ்வையே எடுத்துக்கொள்ளலாம். நேர முத்திரை மாறிலி வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் அந்தப் பகுதியைச் சேர் என்று எழுதப்பட்ட நிரல், புதிய தலைப்புக் கோப்புகளோடு பிழையின்றிக் கட்டமையும்; ஆனால் அந்த வசதி ஓசையின்றி உதிர்ந்துபோகும். முறிந்த பொதி தன் நோயைச் சொல்லிவிடுகிறது. இப்படி ஊமையாகக் குறைபட்ட பொதியே பயனரிடம் போய்ச் சேர்கிறது. எனவே சோதனை தோற்றால் நிரல் அதை உரக்கச் சொல்ல வேண்டும். இன்றியமையாத வசதியானால் கட்டமைப்பு அங்கேயே நிற்க வேண்டும்.

எந்த வழியானாலும், திருத்தம் வழங்கலின் கிடங்கிலேயே தங்கிவிடுவது பெருங்குறை. ஒரே முறிவுக்கு ஐந்து வழங்கல்களில் ஐந்து பேட்ச்சுகள் கிடக்க, மூலத் திட்டம் ஏதும் அறியாமல் அடுத்த பதிப்பை வெளியிடுவது வழக்கமாகியிருக்கிறது. மூலத் திட்டத்துக்கு அனுப்பப்படாத பேட்ச், அடுத்த பராமரிப்பாளருக்கு விட்டுச்செல்லும் கடன்.

முன்கூட்டியே மறுகட்டமைத்தல்

மாதிரிச் சிப்பி எடுப்பதற்கு நேரான நடைமுறை லினக்ஸ் உலகில் இல்லாமல் இல்லை. டெபியனில் களஞ்சியம் முழுவதையும் மறுகட்டமைத்துப் பார்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. மூலத்திலிருந்து கட்டமையாத பொதி வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையான பிழையாகக் கருதப்படுகிறது. ஓப்பன்சூசேயின் கட்டமைப்புச் சேவை, சார்ந்திருக்கும் பொதி மாறினால் அதை நம்பியவற்றைத் தானே மறுகட்டமைக்கிறது. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் தலைப்புக் கோப்புப் பொதி மாறும்போது அதைச் சார்ந்தவற்றை மறுகட்டமைக்காத வழங்கல்களும் உண்டு. அங்கே முறிவு பல மாதம் உறங்கிக் கிடந்து, தொடர்பில்லாத ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்காகப் பொதியைத் தொடும் நாளில் விழிக்கும். அவசரத் திருத்தம் தேவைப்படும் அந்த நாளில்தான் பொதி கட்டமையாது.

இந்திய நிலையில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கும் பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இத்தகைய வழிவந்த வழங்கல், மூல வழங்கலின் மறுகட்டமைப்புப் பலனைப் பெறுகிறது. ஆனால் தானாகச் சேர்க்கும் பொதிகளுக்கும் மாற்றிய கெர்னலுக்கும் அந்தச் சோதனை பொருந்தாது. அதைத் தானே செய்தாக வேண்டும். தமிழ் எழுத்துணரி, விசைப்பலகைக் கருவி போன்ற சிறு திட்டங்கள் ஒரிருவர் உழைப்பில் நிற்பவை. இவை கெர்னலை நேரடியாகத் தொடுவது குறைவு. எனினும் இவை நம்பும் நிரலகம் ஒன்று முறிந்தால் இவையும் நின்றுபோகும். அப்போது காரணத்தைத் தேடிச் செல்ல ஆள் இருக்கமாட்டார்.

பழைய துறைமுகத்தின் பாடம்

தூத்துக்குடியில் நெடுங்காலம் கரையோரக் கடல் ஆழம் குறைந்திருந்ததால் பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகள் சரக்கைச் சுமந்தன. புதிய ஆழ்கடல் துறைமுகம் 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பழைய துறைமுகம் அன்றே மூடப்படவில்லை. 1979 ஏப்ரல் 1 அன்று இரண்டும் ஒரே பொறுப்புக் கழகத்தின்கீழ் வந்தன. பழைய துறையிலிருந்து மாலத்தீவுக்குத் தோணிகள் செல்வது தொடர்ந்தது. புதிய இடைமுகம் பழையதை நம்பியவர்களை ஒரே இரவில் தவிக்கவிடவில்லை. இரண்டுக்கும் பொறுப்பேற்க ஓர் அமைப்பும் இருந்தது.

கெர்னல் உலகில் பாலம் அமைத்த 2011 நிகழ்வும், கோப்பைத் திரும்ப வைத்த 2022 முடிவும் இந்த வழியில் நிற்பவை. நேர முத்திரை மாற்றமும் மவுண்ட் மோதலும் அவ்வாறு அமையவில்லை.

ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. பாரில் சிப்பி அழிவதற்கான காரணம் கடலுக்குள் மறைந்திருக்கலாம். தலைப்புக் கோப்பு முறிவில் மறைவு எதுவுமில்லை: எந்த நாளில், எந்த வரி, யாரால், எதற்காக மாறியது என்பது கெர்னலின் பதிவேட்டில் எவரும் படிக்கும்படி உள்ளது. ஆகவே முறிவைச் சந்திக்கும் மாணவர் முதல் பிழைச் செய்தியிலிருந்து தொடங்கலாம். கோப்பு காணவில்லையா, பெயர் வரையறுக்கப்படவில்லையா, இருமுறை வரையறுக்கப்பட்டதா என்று பிரித்தறிந்து, அந்தப் பெயர் கெர்னல் பதிவேட்டில் எப்போது நகர்ந்தது என்று தேடி, மிகச் சிறிய திருத்தத்தை எழுதி மூலத் திட்டத்துக்கு அனுப்பலாம். நேர முத்திரை நிகழ்வில் பல நிரல்களுக்குத் தேவைப்பட்டது அப்படி ஒரு வரியே. ஆனால் அந்த வரியை எழுதும் கடமை முழுவதையும் மாணவர்மீதும் தன்னார்வலர்மீதும் விட்டுவிடுவது, பாரைப் பார்வையிடாமல் குளிப்பை அறிவிப்பதற்கு ஒப்பாகும். தலைப்புக் கோப்பை மாற்றுவோர் அதை நம்பிய பொதிகளில் ஒரு மாதிரியையாவது மறுகட்டமைத்துப் பார்த்து, முறிவுகளின் பட்டியலோடு மாற்றத்தை வெளியிடுவதே அடுத்து எதிர்பார்க்கப்பட வேண்டிய நடைமுறை.